மலையேறாத வண்டிகளின் கணக்கு

2024 மே 7-ஆம் தேதியிலிருந்து, சொந்த வண்டியில் ஊட்டிக்குக் கிளம்பும் வெளியூர்க்காரர் மேட்டுப்பாளையத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு வலைத்தளத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது அன்றுதான். சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அந்த முடிவு வருவதற்குள்ளாகவே, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பையும் நீதிமன்றம் விதித்தது.

பாஸ் கிடைத்த வண்டியின் விவரம் தரவுத்தளத்தில் ஏறிவிடும்: பதிவெண், எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்கல். கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ கக்கநல்லாவிலோ கியூஆர் குறியீட்டைக் காட்டி அந்த வண்டி மலையேறுகிறது. ஆனால் மலையின் தாங்குதிறனை அளக்க நினைப்பவருக்கு இன்னொரு கூட்டமும் முக்கியம். ஓடிபி வராததால் படிவத்தைப் பாதியில் விட்டவர்கள், வரம்பு நிறைந்துவிட்டது என்று கண்டு ஏற்காட்டுக்கு வண்டியைத் திருப்பியவர்கள், தளம் சரியாகத் திறக்காமல் ஐந்தாறு முறை முயன்று ஓய்ந்தவர்கள். தரவுத்தளத்தில் இவர்களுக்கு இடம் கிடையாது. இவர்கள் வந்துபோனது ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்படும்: வலைத்தளத்தை நடத்தும் சர்வரின் லாக் கோப்பில்.

அந்தக் கோப்பை வளர விடுவது, வெட்டுவது, சுருக்குவது, ஒருநாள் அழிப்பது ஆகியவற்றைச் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் துப்புரவு வேலையாகவே நினைத்துச் செய்கிறார்கள். அதற்குள் இருக்கும் அறிவியல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, எந்தச் சர்வர் மென்பொருளாக இருந்தாலும் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதுகிறது. கேட்டவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், கொடுத்த பதில், அனுப்பிய பைட்டுகள், கேட்டவரின் பிரவுசர் எது என்பது வரை அதில் இருக்கும். பதில் மூன்று இலக்க எண்ணாக எழுதப்படும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. 503 என்றால் இப்போதைக்கு முடியாது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்சிஎஸ்ஏ மையம் எழுதிய சர்வரோடு பிறந்த வரியமைப்பு இது. முப்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை.

ஒருவர் ஒருமுறை பாஸ் எடுத்தால் ஒரு வரி என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. பக்கம் தனி, அதன் அலங்காரக் கோப்பு தனி, ஸ்கிரிப்டுகள் தனி, மேலே இருக்கும் அரசுச் சின்னத்தின் படம் தனி. ஓடிபி கேட்பது, கொடுப்பது, பாஸை இறக்குவது எல்லாம் தனித்தனி வரிகள். ஆளுக்கு 50 கோரிக்கை, வரிக்கு 250 பைட், நாளுக்கு 20,000 பேர் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் வரிகள், அதாவது 250 எம்பி. ஆறு மாதத்தில் 45 ஜிபி. இன்றைய டிஸ்க்குகளுக்கு இது பெரிய எண்ணே அல்ல. சிக்கல் என்னவென்றால் லாக் தானாக நிற்பதில்லை. கேட்பார் இல்லாமல் வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிறைத்துவிடும். அப்படி நிறைந்தாலும் என்ஜின்எக்ஸ் பக்கங்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், லாக் மட்டும் எழுதாது. அதே டிஸ்க்கில் தரவுத்தளமும் இருந்தால் அதற்கு அந்தப் பொறுமை கிடையாது. புதிய பாஸை எழுத இடமில்லை என்று நின்றுவிடும். பயணிகள் நெருக்கும் நாளில்தான் லாக்கும் வேகமாக வளரும் என்பதால், இந்த விபத்து வந்தால் சீசனின் உச்சத்தில்தான் வரும்.

ஆகவே கோப்பை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் லாக்ரொட்டேட் என்ற சிறு நிரல் அதைச் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமல், அது எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே எப்படி மாற்றுவது? இதற்கான விடை, 1969-இல் தொடங்கிப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வடிவமைத்த யுனிக்ஸின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பை டிஸ்க் அறிந்திருப்பது ஓர் எண்ணால். பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. சர்வர் ஒருமுறை கோப்பைத் திறந்துவிட்டால் அதன்பின் பெயரைப் பார்ப்பதே இல்லை.

இதனால் நேற்றைய கோப்பின் பெயரை மாற்றினாலும் சர்வருக்குத் தெரியாது, பெயர் மாறிய அதே கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறார்கள். சர்வர் பழைய கோப்பை விட்டுவிட்டு, பழைய பெயரிலேயே புதுக் கோப்பு ஒன்றைத் திறந்துகொள்கிறது. பத்து லட்சம் வரிகள் ஓடும் நாளிலும் இந்த மாற்றத்தில் ஒரு வரிகூடச் சிந்துவதில்லை. கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் இன்னொரு வழியும் உண்டு. பிரதி முடிந்து, காலி செய்யப்படும் வரையிலான கண்ணிமைப் பொழுதில் வந்த வரிகள் அதில் தொலைந்துவிடும். முதல் வழிக்கு இடமிருக்கும்போது இரண்டாவதைக் கையாள்வது எனக்கு ஏற்புடையதல்ல.

பெயரும் கோப்பும் வேறு என்பதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. டிஸ்க் நிறைகிறதே என்ற பதற்றத்தில் லாக் கோப்பை அழித்துவிடுவார்கள். அழிந்தது பெயர் மட்டுமே. சர்வர் பிடியை விடாதவரை கோப்பு டிஸ்க்கில் கிடக்கும், வளரவும் செய்யும். கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் டிஸ்க்கில் பாதி காலி, டிஸ்க்கைக் கேட்டால் இடமே இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களை நள்ளிரவில் திகைக்க வைக்கும் புதிர்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

எந்த மணிக்கு வெட்டுவது என்பதிலும் ஊரின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கிளம்பியவர்கள் கொண்டையூசி வளைவுகளில் நெரிசல் சேருமுன் ஏறிவிட வேண்டும் என்று அவசரமாகப் பாஸ் தேடும் வேளை அது. அந்தக் காலைப் பயணத்தின் பாதி ஒரு கோப்பிலும் மீதி இன்னொரு கோப்பிலும் விழுந்தால், நாள்வாரிக் கணக்கு எடுப்பவர் ஒவ்வொரு நாளையும் ஒட்டவைத்த பிறகே தொடங்க முடியும். சர்வரின் நேரத்தை இந்திய நேரமாக எழுதவைத்து, நம்முடைய நள்ளிரவில் வெட்டுவதே இந்த வேலைக்குப் பொருத்தம்.

வெட்டிய கோப்பை உடனே சுருக்குவதில்லை. சமிக்ஞை போனபிறகும், பாதியில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துக்கொண்டிருக்கும் துணைச் செயல்கள் பழைய கோப்பில் கடைசி வரிகளை எழுதிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே நேற்றைய கோப்பு ஒரு நாள் அப்படியே கிடக்கும், முந்தாநாள் கோப்பு சுருங்கும். சுருங்கினால் பத்தில் ஒரு பங்கு, வரிகள் மிகவும் ஒத்திருந்தால் இருபதில் ஒரு பங்கு. 45 ஜிபி என்ற நம் உத்தேசக் கணக்கு ஐந்து ஜிபிக்குள் அடங்கிவிடும். ஓர் எழுத்துகூட இழக்காமல் இத்தனை இடம் எங்கே போகிறது?

பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் ௸ என்று ஒரு குறி போடுவார்கள். மேற்படி என்று பொருள். தகப்பன் பெயரோ ஊரோ மேல்வரியில் இருப்பதேயானால் மறுபடி எழுத வேண்டாம், குறி போதும். 1977-இல் ஏபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய அறிஞர்கள் வெளியிட்ட முறை ஏறக்குறைய இதேதான், ஆனால் துல்லியமானது. ஒரு சொற்றொடர் முன்பே வந்திருந்தால், எத்தனை எழுத்து பின்னே போக வேண்டும், அங்கிருந்து எத்தனை எழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு எண்களை மட்டும் அது எழுதும். லாக் வரியில் மேற்படிக்கு என்ன பஞ்சம்? அதே தேதி, அதே பக்கம், அதே 200, நூறு எழுத்தைத் தாண்டி நீளும் அதே பிரவுசர் விவரம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் மாறுவது பெரும்பாலும் ஐபி முகவரியின் சில இலக்கங்களும் நொடியும்தான். அந்த எண்களையும் மீந்த எழுத்துகளையும் அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி என்று இன்னொரு சுற்றுச் சுருக்குவார்கள். அது டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட முறை. எம்ஐடியில் மாணவராக இருந்தபோது, தேர்வுக்குப் பதிலாகக் கொடுத்த கட்டுரைக்காக அதைக் கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்து, காப்புரிமைத் தொல்லை இல்லாத கருவியாக 1992-இல் ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் கொடுத்ததே ஜிஜிப். இன்றைக்கும் பெரும்பாலான சர்வர்களில் லாக்கைச் சுருக்குவது அதுதான்.

ஜிஜிப் பின்னோக்கிப் பார்க்கும் தொலைவுக்கு எல்லை உண்டு: 32 கேபி. 250 பைட் வரிகளானால் ஏறத்தாழ 130 வரிகள். அதற்கு முன் வந்தது அதன் நினைவில் இல்லை. 2016-இல் யான் கொலே ஃபேஸ்புக்கில் வெளியிட்ட இசட்-ஸ்டாண்டர்ட் இன்னும் வெகுதொலைவு பின்னே பார்க்கும், வேகமும் அதிகம். லாக்கைப் பல நூறு ஜிபிக் கணக்கில் சேமிப்பவர்கள் அதற்கு மாறுவது நியாயம். இ-பாஸ் அளவுள்ள தளத்துக்கு ஜிஜிப்பே தாராளம்.

வெட்டுவதும் சுருக்குவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் வெறும் நினைவோடு தொடங்குவதால், நொடிக்கு ஒன்றாக வெட்டினால் மேற்படி போட முன்வரிகள் போதாது, கோப்பு சரியாகச் சுருங்காது. ஆறு மாதத்தையும் ஒரே கோப்பாகச் சுருக்கினால், நடுவில் ஓரிடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பதை மீட்பது பெரும்பாடு, ஏனென்றால் பின்வரும் குறிகளெல்லாம் முன்னால் இருந்ததைச் சுட்டிக்கொண்டிருக்கும். நாளுக்கு ஒரு கோப்பு, நெரிசல் நாட்களில் மணிக்கு ஒன்று என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவு.

1948-இல் கிளாட் ஷானன் நிறுவிய தகவல் கோட்பாடு இதற்கெல்லாம் அடியில் ஓடுகிறது. எதிர்பார்த்தபடியே வரும் எழுத்துக்கு இடம் தேவையில்லை, எதிர்பாராதது வரும்போதுதான் இடம் செலவாகும். இதிலிருந்து அழகான ஒரு பயன் கிடைக்கிறது. லாக்கின் வரிகளைப் படிக்காமலே, சுருங்கிய கோப்பின் அளவை வரிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே எண் வரும். ஒருநாள் அது சட்டென்று ஏறினால், வழக்கமான மனிதர்கள் கேட்காத எதையோ யாரோ கேட்டிருக்கிறார்கள். தளத்தில் இல்லாத வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தை, கடவுச்சொல் கோப்புகளை, கற்பனையான முகவரிகளை ஆயிரக்கணக்கில் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் வந்திருக்கலாம். அந்த எண் சட்டென்று குறைந்தாலும் கவனிக்க வேண்டும். ஒரே இயந்திரம் ஒரே பக்கத்தை விடாமல் கேட்டிருந்தால் வரிகள் பெருகும், சுருங்கியபின் ஒன்றும் மிஞ்சாது. பாஸைக் கூட்டமாக எடுத்து விற்க யாராவது நிரல் எழுதி ஓடவிட்டால் தடம் இப்படித்தான் தெரியும்.

இத்தனையையும் எவ்வளவு நாள் வைத்திருப்பது? இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, லாக்குகளைப் பாதுகாப்பாக 180 நாட்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் நடந்தால், தொடங்கிய நாளைப் பின்னோக்கித் தேடிப்போக அந்த வரிகள் வேண்டும். அதற்குமேல் நீளமாக வைத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஐபி முகவரி ஒரு வீட்டைச் சுட்டக் கூடியது. எந்தக் குடும்பம் எந்த நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போக நினைத்தது என்பது அந்த வரிகளில் இருக்கிறது. படிவத்தில் நிரப்பியதைப் பக்கத்தின் முகவரியோடு ஒட்டி அனுப்பும்படி ஒரு தளத்தை அமைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கேட்ட முகவரியை முழுதாக எழுதுவதுதான் லாக்கின் வழக்கம் என்பதால், கைப்பேசி எண்ணும் வண்டி எண்ணும் திறந்த எழுத்தில் அதில் போய் உட்கார்ந்துவிடும். தரவுத்தளத்துக்குப் போடும் பூட்டை யாரும் லாக்குக்குப் போடுவதில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றிக் கவலைப்பட நமக்கு ஒரு காரணம். சட்டம் இல்லாவிட்டாலும் கவலைப்படத்தான் வேண்டும்.

வரிகளை அழிக்க வேண்டும், அவை சொல்லும் செய்தியை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஜிஜிப் உதவாது. அது எதையும் இழப்பதில்லை. இங்கே தேவைப்படுவது தெரிந்தே இழக்கும் சுருக்கம்: ஆட்களை விட்டுவிட்டு எண்ணிக்கைகளை மட்டும் எடுத்துவைப்பது. எதை எண்ணுவது, எவ்வளவு இடைவெளிக்கு ஒருமுறை எண்ணுவது என்ற முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஊட்டியிலேயே இருக்கிறது.

டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இயங்குகிறது. அதிலுள்ள மியூவான் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்களை அது எண்ணுகிறது, நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி. எந்த வலைத்தளத்தின் லாக்கும் இதன் பக்கத்தில் வராது. துகளுக்கு ஒரு வரி எழுதி வைத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே வானத்தை 169 திசைகளாகப் பிரித்து, குறுகிய நேர இடைவெளிகளில் ஒவ்வொரு திசையிலிருந்தும் எத்தனை வந்தன என்ற எண்ணிக்கைகளைச் சேமிக்கிறார்கள். தனித்தனித் துகள் போய்விடுகிறது, திசையும் நேரமும் நிற்கின்றன.

2011 ஏப்ரலிலிருந்து 2014 டிசம்பர் வரை அந்தப் பதிவில் 184 இடிமழைகள் தடம் விட்டிருந்தன. அவற்றில் 2014 டிசம்பர் 1 அன்று வந்த மேகம் தனித்து நின்றது. சுமார் 18 நிமிடங்களுக்கு மியூவான்கள் சுமார் 2 விழுக்காடு குறைந்திருந்தன. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் துகள்களின் ஆற்றலைக் குறைத்ததால் வந்த சரிவு அது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதில் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. இடிமேகங்களில் 100 கோடி வோல்ட் வரை எழலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே கணித்திருந்தார். பலூன்களை மேகத்துக்குள் அனுப்பி அளந்தவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான் கிடைத்திருந்தது. ஊட்டியின் முடிவு 2019-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளியானது. மேகம் கடந்துபோய் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இடத்தை மிச்சம் பிடிக்க நாளுக்கு ஒரே ஒரு மொத்த எண்ணிக்கை போதும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால்? 18 நிமிடம் என்பது ஒரு நாளில் 1.25 விழுக்காடு. அதில் 2 விழுக்காட்டுச் சரிவு என்றால் நாளின் மொத்தத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. காற்றழுத்தம் ஏறி இறங்குவதாலேயே மியூவான் எண்ணிக்கை அதைவிட அதிகமாக மாறும். அந்த மேகம் வந்ததற்கே அடையாளம் இருந்திருக்காது.

இ-பாஸ் போன்ற தளத்தின் லாக்கிலும் இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. நாளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒற்றை எண், மலையின் தாங்குதிறனை ஆராய்பவருக்கு அநேகமாக ஒன்றும் சொல்லாது. கால்மணி நேரத்துக்கு ஒரு வரியாக, 200 எத்தனை, 503 எத்தனை, படிவத்தைத் திறந்தவர் எத்தனை, ஓடிபிவரை போனவர் எத்தனை, பாஸை இறக்கியவர் எத்தனை என்று எழுதிவைத்தால் நாளுக்கு 96 வரிகள். ஓர் ஆண்டுக்கும் சேர்த்து 35,040 வரிகள். சுருக்காமலே ஒரு பழைய பென் டிரைவின் மூலையில் கிடக்கும். அதில் யாருடைய ஐபி முகவரியும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமைக்கான 8,000 எந்தக் கால்மணியில் தீர்ந்தது, தீர்ந்தபிறகும் படிவத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து தெரியும். வரம்பை 8,000-இல் வைப்பதா, ஏற்றுவதா, குறைப்பதா என்று முடிவெடுப்பவர்களுக்கு மலையேறிய வண்டிகளின் பட்டியலைவிட இது அதிகம் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே நிபந்தனை, இந்த எண்ணிக்கைகளை வரிகள் அழிவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி மே நடுவில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வாரத்து லாக்குக்கு 180 நாள் கெடு நவம்பர் நடுவில் முடிகிறது. லாக்ரொட்டேட்டில் பழைய கோப்பை அழிக்கும் அந்த ஒரு கட்டளைக்கு முன்னால், எண்ணி எழுதும் சிறு நிரல் ஒன்றை ஓடவைக்கலாம். அதற்கான இடம் அந்தக் கருவியிலேயே இருக்கிறது.